இடக்கை விலை

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே படியேறி
செருப்புக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் அந்தக் கடை.
ஆறு கிட்டார்கள் கழுத்தால் தொங்கின.
எதைத் தொடலாம் என்று தெரியவில்லை,
ஈரக்குடையை எங்கே வைப்பது என்றும்.

"யாருக்குண்ணா, பையனுக்கா?"
எனக்கு.
நாற்பத்தாறு வயதில் அதைச் சொல்ல
ஒரு இருமல் தேவைப்பட்டது.
ஜெனிட்டா சிரிக்கவில்லை. பெயர் சட்டையில் குத்தியிருந்தது.

போனஸில் ஐயாயிரம் வரை போகலாம் என்று
வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.
கை நேரே நீலத்துக்குப் போனது. பளபளவென்று
புது டிராக்டர் மாதிரி.
"நிறத்த விடுங்க. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல பாருங்க.
ரெண்டு காசு அடுக்கி நுழையுது.
இதுல பழகினா விரல் போயிடும்."
விரல் போவது எனக்குத் தெரியும்.
அப்போது சொல்லவில்லை.

கழுத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்க்கச் சொன்னாள்.
கவாத்துக்குப் பின் செடி மட்டம் பார்ப்பதுபோல்,
அது நமக்குத் தெரிந்த வேலை.
நீலம் வளைந்திருந்தது.
"மூணு மாசம் பனி குடிச்சிருக்கு" என்றாள்.

பழுப்பு நிறத்தில் ஒன்று. வளைவில்லை. நான்காயிரத்து எண்ணூறு.
மடியில் வைத்து
இடக்கையைக் கழுத்தின்மேல் கொண்டுபோனேன்.

பார்த்துவிட்டாள்.
மோதிரவிரல், மேல்கணு.
நசுக்கு, கிழி, சுருட்டு,
மூன்றே வேலை தெரிந்த எந்திரம்,
நான்காவதாக என்னிடம் கற்றுக்கொண்டது.

அய்யோ என்பாள் என்று காத்திருந்தேன்.
அவள் கிட்டாரை வாங்கித் தலைகீழாகத் திருப்பி
மறுபடி என் மடியில் வைத்தாள்.
"வலது கையில அஞ்சும் இருக்கில்ல?"
இருந்தது.
"அப்ப அது பிடிக்கட்டும். இது தட்டட்டும்."

இடக்கைக்காரர்களுக்கென்றே செய்தது கோவையிலிருந்து வர வேண்டும்,
எட்டாயிரம், பத்து நாள்.
இல்லையென்றால் இதிலேயே கம்பிகளை இடம் மாற்றி
மேலே அந்த வெள்ளை எலும்பையும் மாற்றிவிடலாம்.
முந்நூறு கூட.
"ஆனா கீறல் படாம இருக்க ஒட்டின கறுப்புத் தகடு
மேல வந்துடும். பாக்க நல்லாருக்காது."
என்னையும்தான் என்றேன்.
அதற்குச் சிரித்தாள்.

நாற்பது நிமிடம்.
கீழே போய் டீ குடித்தேன்.
எந்த ஃபேக்டரி டஸ்ட் என்று நாக்கு சொன்னது,
எங்களுடையதில்லை.
திரும்பி வந்தபோது கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள்,
அறுந்துவிடும் என்று பயந்து நான் கண்ணை மூடினேன்.
பை இலவசம். பேரம் பேசியதில் இரண்டு பிளெக்ட்ரம்.

கோத்தகிரி பஸ்ஸில் கண்டக்டர்,
"மடியில வெச்சா ஒண்ணுமில்ல, சீட்டுல வெச்சா லக்கேஜ்."
கட்டபெட்டு வளைவில் பைக்குள்ளிருந்து அது தானாக
ம்ம் என்றது ஒருமுறை.
பக்கத்தில் முட்டைக்கோஸ் மூட்டையோடு இருந்தவர்
தன் போன் என்று நினைத்துத் தடவிப் பார்த்தார்.

வீட்டில் கெப்பியிடம் விலையைச் சொன்னேன்.
முந்நூறை மட்டும் சொல்லவில்லை.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

இரவு. போனில் ஒருவன் வாசித்துக் காட்டுகிறான்.
அவன் இடக்கையால் பிடிக்கிறான், நான் வலக்கையால்.
எதிரெதிரே உட்கார்ந்தால்
கண்ணாடி பார்ப்பதுபோல் சரியாக இருக்கிறது.
நுனிகள் எரிகின்றன. வலக்கையில் மூன்று.
இடக்கையில் ஒன்று, அது இங்கே இல்லாதது.

போர்வைக்குள்ளிருந்து கெப்பி,
"அஞ்சு சத்தந்தான் வருது. ஒண்ணு பேசல."
எது?
"எனக்கென்ன தெரியும். எண்ணிப் பாரு."

ஆறு மணி ஷிஃப்ட்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.