ஆறக்கூடாத புண்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு
ஆறரை மணி பஸ்.
இடது பக்கத்துச் செம்பனைகள்
நான் தலையைத் திருப்பினால்தான் இருக்கின்றன.

கண்ணுக்குள் தண்ணீர் தேங்குகிறதாம்.
வடிகால் அடைத்துக்கொண்டதாம்.
முப்பத்துநாலு என்று எழுதினார் டாக்டர் குல்தீப் கோர்.
போனது போனதுதான்,
இருப்பதைக் காப்பாற்ற
வெள்ளை விழியில் சின்னதாய் ஒரு கதவு வெட்டலாம் என்றார்.

பிறகு சொன்னதுதான் விளங்கவில்லை:
"இந்தப் புண் ஆறக்கூடாது.
ஆறினால் தழும்பு. தழும்பு வந்தால் கதவு மூடிவிடும்.
ஆறாமலிருக்க மருந்து வைப்போம்."

பனைமுள் குத்திய நாளெல்லாம்
ஆறணும் ஆறணும் என்று மஞ்சள் அப்பிய உடம்பு இது.
முழங்கையில் மூன்று, கெண்டைக்காலில் ஒன்று,
தைத்த இடம் தெரியாமல் மூடி வைத்திருக்கிறது.
அதனிடம் போய் எப்படிச் சொல்வது,
இங்கே மட்டும் சும்மா இரு என்று?

மருந்து ஊதா நிறம்.
பஞ்சுத் துண்டில் நனைத்து
வெட்டின இடத்தில் செருகினார்கள்.
கண் மரத்திருந்தது, காது விழித்திருந்தது.
மிஸ்ஸி ஹஸ்னிசா நேரம் சொன்னாள்:
சத்து மினிட்.
துவா மினிட்.
அப்புறம் தண்ணீர். இன்னும் தண்ணீர்.
கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

அது எனக்குத் தெரியும்.
இருபத்தொரு வருஷம் முதுகில் பம்பு சுமந்து
பனையடிப் புல்லுக்கு மருந்தடித்தவள் நான்.
தோட்டத்தில் விஷத்துக்கும் மருந்து என்றுதான் பெயர்.
கையில் பட்டால் கழுவு, கண்ணில் பட்டால் கழுவு என்று
ஸ்டோர் கதவில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கும்.
ஒரு மூடி கூடினால்
கன்றுப்பனையே வெளுத்துப்போகும்.

இப்போது மேலிமைக்கடியில் ஒரு நீர்க்கொப்புளம்.
விளக்கை அடித்துப் பார்த்து
அழகாயிருக்கிறது என்றார் டாக்டர்.
என் உடம்பில் எதையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.
பன்னிரண்டு என்று எழுதினார்.

ஆனால் புல்லை எனக்குத் தெரியும்.
மூன்றாம் வாரம் கண் சிவந்தது.
உள்ளே நார் கட்டப் பார்க்கிறதாம்.
ஓரத்தில் ஓர் ஊசி. அடுத்த வாரம் இன்னொன்று.
இரண்டு மணிக்கொரு சொட்டு.

கனம் தூக்காதே, குனியாதே, கசக்காதே.
என் பம்பை ரஃபிகுல் சுமக்கிறான்.
இருபத்திரண்டாம் பிளாக்கில்
கண்ணாடி போடாமல் அடிக்கிறான்.
ரோட்டிலிருந்து கத்தினேன்.
கையசைத்துச் சிரித்தான்.

நாலுமணிச் சொட்டுக்கு அண்ணாந்து படுக்கிறேன்.
மூடாதே என்கிறேன்,
இமையிடம் இல்லை.