சி படிவம்

வெளிநாட்டவர் வந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
வீட்டுக்காரர் நிரப்பி அனுப்ப வேண்டும்.
இருபது ஆகிவிட்டது.
அவள் மாடியில் தூங்குகிறாள்,
ஷூவைக்கூடக் கழற்றாமல்.

பெயர்: ஹிருத் அலெமாயெஹு.
குடும்பப் பெயர் என்றொரு கட்டம்,
காலியாக விட்டால் திரை நகர மறுக்கிறது.
அவர்களுக்கு அப்படியொன்று கிடையாதாம்.
பின்னால் வருவது அப்பா பெயர்,
நமக்கு இனிஷியல் மாதிரி.
எனக்குத் தெரியும் அந்தக் கட்டம்.
பாரீஸில் இரண்டு வருடம்
மதாம் கலியபெருமாள் என்று கூப்பிட்டார்கள்.
ஒவ்வொரு முறையும்
அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

புறப்பட்ட இடம்: பஹிர் தார்.
வழி: அடிஸ் அபாபா, மும்பை, சென்னை.
படிவத்தில் இடமில்லாத வழி:
ராத்திரி ஈசிஆர் பஸ்ஸில் கண்டக்டர்
காலாப்பட்டு என்று கனகசெட்டிக்குளத்தில் இறக்கிவிட,
மீன் ஏற்றப் போன குட்டியானையில்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது.
சூட்கேஸில் இன்னும் கவலை மீன் வாடை.

வந்த நோக்கம்: ஆராய்ச்சி, கடலரிப்பு.
அவள் நாட்டில் கடலே இல்லை.
ஊரில் ஓர் ஏரி, பெரியதாம்.
பிள்ளைச்சாவடியில் முதல்முறை பார்த்துவிட்டு வந்து
"இது ராத்திரியும் நிறுத்தாதா?" என்றாள்.

அனுப்பினேன். ஏற்கப்பட்டது என்று பச்சையில் வந்தது.

அதன் பிறகுதான் மற்றவை.
டெம்போவில் எல்லா இடமும் நிரம்பி
அவள் பக்கத்து இடம் கடைசியாக நிரம்பும்.
நைஜீரியாவா என்பார் மளிகைக்கடை தெய்வசிகாமணி.
இல்லை என்றால், அப்போ ஆரோவிலா.
எனக்கு அங்கே, "இலங்கையா?"
இல்லை என்றால்
ஏமாந்த மாதிரி ஒரு முகம்.

மூன்றாம் நாள் புளித்த மாவு ஊற்றி
வட்டியளவு தோசை கொண்டுபோய்க் கொடுத்தேன்.
உங்க இஞ்செரா மாதிரிதானே?
இரண்டு விள்ளல் தின்றாள்.
"இல்லை" என்றாள், சிரித்தபடி.
க்ரேப்பைக் காட்டி உங்கள் தோசைதானே என்றவர்களிடமெல்லாம்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவளுக்குச்
சுருக்கென்றது.

கார்த்திகைப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
தமிழை எங்கே பிடித்தாள் தெரியாது,
நான் சொல்லித்தரவில்லை.
டெம்போவிலிருந்து கொஞ்சம்,
ஜெராக்ஸ் கடைக்காரியிடம் கொஞ்சம்,
இருட்டில் பின் போர்ஷன் இளவழுதியோடு
சீட்டு ஆடியதில் மிச்சம் இருக்கலாம்.

தை பிறக்க நாலு நாள்.
வாடகையோடு வந்தவள் உள்ளே வரவில்லை.
படியிலேயே நின்று
"அக்கா, இளவழுதிக்கு அட்வான்ஸ் அஞ்சு மாசம்.
எனக்கு மட்டும் ஏன் பத்து?"
ஏன் என்பதில் ஒரு நீட்டல்,
வஞ்சிரம் விலை கேட்கிறவளுடையது.

நானும் இதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.
ஆறாவது மாடி, சன்னலில்லாத அறை,
அதற்கு என்னிடம் இரட்டிப்பாய் வாங்கியவனை
இன்றும் பல் துலக்கும்போது திட்டுகிறேன்.
வெள்ளைக்காரன் இல்லை,
முத்தியால்பேட்டைக்காரன்.
பத்து என்று நான் சொன்ன அன்று
அவன் செய்ததுபோலவே
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

பீரோவைத் திறந்து மூன்று மாதத்தை எண்ணினேன்.
மீதி பொங்கல் கழிச்சு.
அவள் வாங்கி மறுபடி எண்ணினாள், நிதானமாக,
எச்சில் தொடாமல்.
ரசீது வேண்டும் என்றாள்.

கேஸ் பில்லின் பின்பக்கம்
ஹிருத் அலெ என்று தொடங்கியிருந்தேன்.
குனிந்து பார்த்து
"ஹிருத் போதும்க்கா,
வாங்கினது நான்தானே."