நான்காம் நாள்

மிதவை விமானம் போனபின்பும்
ஏரியில் அதன் கோடு வெகுநேரம் கிடந்தது.
சாலை தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு முன்பே முடிந்துவிட்டது.
லெஸ்டர் குவைரிங், வினிபெக்கில் பல் மருத்துவர்,
ஓய்வு பெற்றபின் வந்த முதல் ஜூலை.
படகு வெர்னாவுடையது. டெனே பெண்.
மோட்டாரை ஓர் உதையில் வழிக்குக் கொண்டுவந்தாள்.

அவன் பெட்டியைத் திறந்தான்:
இறகும் நூலும் கட்டிய நூற்றிருபது ஈக்கள்.
முகத்தில் மொய்த்ததைத் தட்டிவிட்டபடி
"இங்கே ஈக்கா பஞ்சம்?" என்றாள்.

இடுப்பளவு நீர். எலும்புக்குள் ஏறும் குளிர்.
கோல் பின்னே சாய்கிறது, நூல் காற்றில் நீள்கிறது,
ஒரு கணம் எதுவும் எங்கும் இல்லை,
பிறகு ஈ
தூசி இறங்குவதுபோல் நீர்மேல்.

கிரேலிங் எழுந்தது,
பாய் விரித்தது போல் முதுகுத் துடுப்பு, ஊதா விளிம்பு.
பால்பல் பிடுங்கிய விரல்களால் கொக்கியைக் கழற்றி
வாய்க்குள் ஒருமுறை பார்த்து (பழக்கம்)
நீரோட்டத்துக்கு முகம் திருப்பி விட்டான்.
முதல் நாள் இருபத்தொன்று. மறுநாள் முப்பத்துநான்கு.
நோட்டில் எழுதினான்.

"தின்னப்போவதில்லை என்றால்
அதை ஏன் கூப்பிடுகிறாய்?"
வெர்னா கேட்டதில் கோபமில்லை.
இரவில் பல் துலக்குகிறாயா என்று
அவன் குழந்தைகளிடம் கேட்ட அதே குரல்.
பதிலுக்கு வாய் திறந்தான்.
கொசு உள்ளே போயிற்று.

மூன்றாம் நாள் மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
புகைதான் வந்தது. மேற்கே காடு எரிகிறது.
ரேடியோவில் அல்போன்ஸ்:
"என் இறக்கையே எனக்குத் தெரியவில்லை."
சூரியன் ஒரு மஞ்சள் மாத்திரை.
மாவு தீர்ந்தது. கடைசி வெங்காயத்தை
உப்புத் தொட்டுப் பாதிப்பாதி தின்றார்கள்.

மறுநாள்
அதே பாறை, அதே நீர்.
ஈ.
இதுவரை அது பெயர்ச்சொல்.
இன்று வினை, வெறும் வயிற்றிலிருந்து.

மதியம்வரை ஆறு கொடுக்கவில்லை.
பிறகு ஒன்று.
உதட்டோரம் ஆறத் தொடங்கிய சின்னத் துளை.
தன் கைவேலை அவனுக்குத் தெரியாதா?
விரல்கள் தாமாகவே அதை நீரோட்டத்துக்குத் திருப்பின.
நின்றன.
வெர்னா கட்டையை நீட்டினாள்.
ஒரே அடி.

குடலைக் கழுவிய இடத்தில்
ஒரு சிட்டிகை புகையிலையை அவள் நீரில் விட்டாள்.
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கும் வெளிச்சம்.
கருகிய தோல், உப்பு.
ஒவ்வொரு முள்ளையும் உறிஞ்சிவிட்டு
நோட்டை எடுத்தான்.
நான்காம் நாள்: ஒன்று.
பென்சில் சற்று நேரம் நின்றது.
பிறகு எழுதினான்:
வெங்காயம் இருந்திருக்கலாம்.