முள்

கரைமேல் ரெண்டு மணி நேரம் ஓட்டினோம்.
காவேரிப்பாக்கம் ஏரி, கத்திரி வெயில்,
மூடியில் கை வைத்தால் தோல் உரியும்.
முள் பாதியில் நின்றது, சாதுவாக.

ஏரியில் இறக்கினோம்.
எட்டுச் சக்கரமும் தண்ணீரைப் பின்தள்ள
பத்தாவது நிமிஷம்
முள் சிவப்பில்.

"இன்னா மேடம் இது" என்றார் கன்னியப்பன்,
"வெயில்ல குளுருது, தண்ணியில காயுது.
வேலூரு வண்டின்னு காட்டிகீது."

கூலண்ட் பார்த்தேன், விளிம்புவரை பச்சை.
ரேடியேட்டர் இடுக்கில் வேலிக்காத்தான் இலை
ஒரு கைப்பிடி. பழைய பிரஷ்ஷால் கிளறிக்
காற்றடித்தேன். மறுபடி இறக்கினோம்.
பத்தாவது நிமிஷம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துப்போய்
முனவ்வர் பாய் கடையில் வெந்நீர் கேட்டேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
சட்டியில் நீர் கொதிக்கத் தொடங்குமுன்
அது மெல்ல வாய் திறந்தது.
கிளாஸ் கழுவுகிற பையன் எட்டிப் பார்த்து
"உசுரு கீதுக்கா" என்றான்.
டீக்கு மட்டும் காசு வாங்கினார் பாய்.

விசிறி சுற்றியது. பெல்ட் இறுக்கம்தான்.
ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்தேன்,
மேலேயும் கீழேயும் சூடு ஓடியது.
இனி எதைக் கழற்ற?

மூன்றாம் முறை நானும் ஏறினேன்.
நடு ஏரி. நீர்க்காகம் ஒன்று
எங்களைப் பார்த்துவிட்டு முங்கியது.
முள் சிவப்பைத் தொட்டதும்
வெப்பமானியை எஞ்சின் தலைக்கு நீட்டினேன்.
எண்பத்தொன்பது.
மறுபடி அழுத்தினேன். எண்பத்தொன்பது.
அதற்குக் காய்ச்சலே இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன்,
என் ஷூவுக்குள் சாக்ஸ் நனைந்திருந்தது.

கரையேற்றி அடித்தட்டைத் தூக்கினால்
உள்ளே ஒரு சின்ன ஏரி.
எலி கடித்த சென்சார் வயர் அதில் கிடந்தது,
செம்பு பச்சை பூத்து.
தோல்பட்டறை உப்பு கரைந்த தண்ணீர்,
மின்சாரம் அதில் நன்றாகவே நடக்கும்.
வடிகால் மூடியில் ரப்பர் வளையம் இல்லை.
பம்ப்பின் வாயை அடைத்துக்கொண்டு
ஆகாயத்தாமரை வேர்.

"அப்ப இத்தினி நாளா முள்ளு பொய்யி சொல்லிகீது."
"இல்லண்ணே" என்றேன்.
அதற்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்.
தண்ணீர் ஏறுகிறது என்பதையும்
சூடு என்றுதான் சொல்ல முடியும் அதனால்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
போன ஐப்பசி, பொன்னை வெள்ளம்,
பதினோரு பேர் வண்டிக்குள்,
முள் ஏறியதும் அக்கரைக்குப் போகாமல்
பாதியில் திருப்பிக்கொண்டு வந்தவர் இவர்.
எஞ்சினைச் சோதித்துப் பார்த்து
கோளாறு எதுவுமில்லை என எழுதினார்கள்.
அச்சம் காரணமாகக் கடமை தவறியதாக
ஒரு மெமோ.

பதிவேட்டை முழங்காலில் விரித்தேன்.
புகார்: அதிக வெப்பம்.
கண்டறிந்தது: வெப்பம் இல்லை, கசிவு.
மாற்றியது: வயர் ஒன்று, வளையம் ஒன்று.

சட்டைப்பையில் நாலாய் மடித்து
வியர்வையில் எழுத்து ஊறிப்போன தாளை
கன்னியப்பன் பிரித்து நீட்டினார்.
"அந்த நம்பரையும் எழுதிக்குங்க மேடம்."

எழுதினேன். தேதியோடு.