வேலியோரத்து சஃபூ

ஒரு கூறு ஐந்நூறு பிராங்க்.
பேருந்து நிற்பது நான்கே நிமிடம்.
அதற்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடித்
தட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும்
மக்கெனெனேயின் எல்லாப் பெண்களும்.
பழம் நீலமாக இருக்க வேண்டும்,
கத்தரிக்காயைவிடக் கறுத்த நீலம்.
இளஞ்சிவப்பைக் கண்டால்
நீட்டிய கை உள்ளே போய்விடும்.

எங்கள் கொல்லையில் நான்கு சஃபூ.
மூன்று என்னுடையவை என்றிருந்தேன்.
வேலியோரத்து நான்காவது யாருடையதும் இல்லை.
ஜனவரியில் அதுதான்
மற்ற மூன்றையும்விட அள்ளிப் பூக்கும்.
விடியும் முன்பே தேனீக்கள் வந்து இரையும்.
பிறகு பூவெல்லாம் உதிர்ந்து
கொடியில் காயும் துணியில் பழுப்பாய் ஒட்டும்.
காய்?
பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

காய்த்த மரத்துக்குக் கல்லடி.
காய்க்காததற்கு
இரவல் வாங்கிய ரம்பம்.
அறுத்தது கஸ்பார். அறுக்கச் சொன்னது நான்.
இதை மாற்றிச் சொல்லிப் பார்த்ததுண்டு,
பிபியானிடம் ஒருமுறை, பாதிரியாரிடமும்.
பிசின் வாசம் மூன்று நாள் சோற்றில் ஏறியது.
ஒரு கிளை மண்வெட்டிக்குப் பிடியானது,
மீதி அடுப்புக்கு.
வெயில் விழுந்த இடத்தில் வாழை வைத்தேன்.

அடுத்த ஜனவரியும் மூன்று மரங்களும் பூத்தன.
தேனீக்கள் வந்தன,
வெறுங்காலோடு வந்தன.
ஆகஸ்டில்
விரல்நுனி அளவு இளஞ்சிவப்புக் காய்கள்.
பிட்டால் கொட்டை இல்லை,
கொட்டை இருக்கவேண்டிய இடம் ஈரமாக இருந்தது.
இரவெல்லாம் தகரக் கூரையில் விழுந்தன.
எண்ணிக்கொண்டே படுத்திருந்தோம்,
அவன் அந்தப் பக்கம் திரும்பி,
நான் இந்தப் பக்கம்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒனோரே கத்தினான்:
"என் ஐந்து மரத்துக்கும்
உன் கொல்லையில்தானே புருஷன் இருந்தான்!"
தெருவே சிரித்தது.
எனக்கு முதலில் வரவில்லை,
பிறகு வந்தது,
மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.
எட்டுப் பேரைக் கட்டி ஆண்டவனை
மலடன் என்று ஏசியிருக்கிறேன்,
பாத்திரம் கழுவிய தண்ணீரை
அவன் காலடியிலேயே ஊற்றிக்கொண்டு.

இந்த வருஷம் பேருந்துக்கு
மலைச்சரிவில் பிபியானிடம் வாங்கிக் கூறு கட்டினேன்.
கூறுக்கு லாபம் நூறு.
ஒரு பழத்தைச் சுடுசாம்பலில் புதைத்தெடுத்துச்
சுட்ட சோளத்தோடு தின்றேன்.
உள்ளே பச்சை, வெண்ணெயாய் இளகி, நன்றாகவே புளித்தது.
நன்றாக இருந்ததுதான் எரிச்சல்.

வாட்டிய பழத்தின் கொட்டை முளைக்காது.
விற்காமல் மிஞ்சியதை அழுகவிட்டு
ஏழு கொட்டை எடுத்து ஊன்றியிருக்கிறேன்.
எது ஆண், எது பெண்,
இலையைப் பார்த்துச் சொல்ல முடியாதாம்.
பூக்கும்வரை பொறுக்க வேண்டும்,
ஆறு வருஷமோ ஏழோ.
ஏழும் பெண்ணாகிவிட்டால், என்கிறான் கஸ்பார்.
ஏழும் அவனாகிவிட்டால், என்கிறேன்.

பாத்திரம் கழுவியாயிற்று.
தண்ணீரைச் சுமந்து போகிறேன்
ஏழுக்கும்.