வந்திருந்தோர்: ஒருவர்

வியாழக்கிழமை ஸ்கேன் செய்ய ஆள் வருகிறார்கள்.
அதற்குள் அடுக்கித் தரச் சொல்லி பி.டி.ஓ. உத்தரவு.
இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில்
ஏழு தீர்மானப் புத்தகங்கள்,
ஒன்றின்மேல் பூனை குட்டி போட்ட அடையாளம்.
காரைக்குடி ரஸ்தாவை விட்டு இரண்டு கல் உள்ளே
செவ்வூரணிப்பட்டி ஊராட்சிக்கு
இவ்வளவுதான் சரித்திரம்.
மிச்சம், வரி பாக்கி.

முதல் புத்தகத்தைக் கரையான் ஒருமுறை வாசித்துவிட்டது.
முப்பத்தொன்றாம் வருஷத்துப் பக்கத்தில்
அது போட்ட ஓட்டை வழியே
முப்பத்தெட்டு தெரிகிறது:
"ஊரணியைத் தூர் வார வேண்டி ஜில்லா போர்டுக்கு
நிதியில்லை."
மனுவும் பதிலும்
ஏழு வருஷம் தாண்டி
ஒரே வாக்கியம்.

பிரசிடெண்ட் வெ.சு.அ. லெட்சுமணன் ரங்கூனில்.
ஆறு கூட்டத்துக்கு வராமை மன்னிக்கப்பட்டது.
ஊரணிக்கரைப் புளி மகசூல் ஏலம்:
நான்கு ரூபாய், இரண்டணா.

நாங்கள் அப்போது கடற்கரை மாவட்டம்.
உப்புக்காற்று எட்டாத செம்மண்ணில் நின்று
விலாசத்தில் ராமநாதபுரம் என்று எழுதினோம்.
கலெக்டரோ மதுரையில் இருந்தார்,
தன் மாவட்டத்துக்கு வெளியே.
கடலும் அவரும்
கோப்பில் பார்த்துக்கொண்டார்கள்.

அறுபத்தைந்து ஜனவரி.
புயல் தின்ற கரைக்குப் பன்னிரண்டு மூட்டை நெல்.
கப்பலேறியவர்களின் பெயரெல்லாம்
முந்தைய புத்தகத்தோடு நின்றுவிட்டது;
கையொப்பமிட்ட ஒன்பது பேரில்
கடலைப் பார்த்தவர் இல்லை.
பற்றுச்சீட்டு குண்டூசியோடு துருவேறிக் கிடக்கிறது:
"மூட்டை பதினொன்று வரப்பெற்றோம்."
அந்த ஒரு மூட்டையைப் பற்றி
மார்ச் வரை நான்கு தீர்மானம்.

எண்பத்தைந்தில் ஒரு அரசாணை வந்தது,
கடல் போய்விட்டது.
ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.
புது ரப்பர் முத்திரை வாங்கிய வகையில்
பதினெட்டு ரூபாய்.

தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு தேர்தல் இல்லை.
தனி அலுவலர் மாதமொரு முறை ஜீப்பில் வந்து
கூட்டம் போட்டார், தன்னோடு.
வந்திருந்தோர்: ஒருவர்.
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.
வந்திருந்தோர்: ஒருவர்.
தீர்மானம் ஏகமனதாக.
அத்தனை மாதமும் ஒரு சச்சரவில்லை,
ஊரணி மேடாகி
நடுவில் ஆடு மேய்ந்தது.

தொண்ணூற்றாறு நவம்பரில் கையெழுத்து மாறுகிறது.
எனக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்த சந்தியாகு
பென்சிலால், பக்க ஓரத்தில்,
யாரும் சொல்லாமல் எழுதியிருக்கிறார்:
"தலைவர் காளிமுத்தாள் நின்றபடியே
கூட்டத்தை நடத்தினார்.
உறுப்பினர்கள் நாற்காலியில்."
தீர்மானம் ஒன்று: ஊரணி.
தீர்மானம் இரண்டு என்று ஒன்றில்லை.

நேற்று வீட்டுவரி கட்ட அவரே வந்தார்.
வாசித்துக் காட்டினேன்.
"எம்புட்டு நேரம் நடந்துச்சுன்னு எழுதலையா அந்த மனுசன்?
பத்தே நிமிசம்.
உக்காந்தாத்தானே பேசிக்கிட்டே இருப்பாக.
வெள்ளனப் போயி மம்பட்டிக்குச் சொல்லணும்ல."
நாற்காலியை நகர்த்தினேன்.
பையை அதில் வைத்துவிட்டு
நின்றபடி சில்லறை எண்ணினார்.
ரசீதில் பெயர் சரியா என்று பார்த்தார்.
எனக்கு ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

ஜனவரியோடு இந்தக் குழுவுக்கும் காலம் முடிந்தது.
மறுபடி தனி அலுவலர்.
ஏழாவது புத்தகத்தில் இன்னும் பக்கமிருக்கிறது.
வந்திருந்தோர் என்று எழுதி
ஒருவர் என்று எழுதி
அடுத்த சொல்லுக்கு முன்னால்
பேனாவை மூடிவைத்தேன்.

சந்தியாகுவின் துண்டுப் பென்சில்
பீரோவுக்குள் எங்கோ கிடந்தது.
தேட வேண்டும்.
வியாழக்கிழமை வருகிறவர்களிடம்
அந்த மெஷின்
பென்சில் எழுத்தை எடுக்குமா என்றும்
கேட்டுவைக்க வேண்டும்.