பெருக்கல்

முழுப் பருப்பு வணிகனின் மூட்டைக்கு.
சுருங்கியது, உடைந்தது,
தொலிக்குள் பச்சைத்தூள் பூத்தது
எங்கள் சட்டிக்கு.
காம்பியா ஆற்றின் இந்தக் கரையில்
ஐப்பசி அறுவடைக்கு வேறு கணக்கு இல்லை.

டெம்போவும் அவன் அண்ணன் யாங்குபாவும்
ஒரே தட்டில் கைவிட்டுத் தின்றவர்கள்.
யாங்குபா இன்னும் படகு தள்ளுகிறான்.

இவனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன்.
இரத்தம் எடுத்த பெண்
மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினாள்:
பால்குடிக்கும் வயதில் நுழைந்த வைரஸ்
ஈரலைக் கீறிக்கொண்டே இருக்கும்;
ஈரலும் தன்னைப் பார்த்துத்
தன்னையே எழுதி ஆறும்.
முப்பது வருடமாக முடியாத எழுத்துவேலை.
கடலைப் பூஞ்சையின் நஞ்சு வந்து
எழுதும் கையைத் தட்டிவிடும்.
ஒரே சொல்லில்
மூன்றாம் எழுத்து பிசகும்.
போதும்.

"வைரஸ் ஒரு பங்கு, நஞ்சு ஒரு பங்கா?"
"கூட்டாதே, பெருக்கு," என்றாள்.

நாற்பதாம் நாள் கழிந்தது.
யாங்குபாவின் மகள் சிராவுக்குப்
பிறந்த அன்றே ஊசி போட்டார்கள்.
தொடையில் பொட்டளவு வீக்கம்,
மறுநாள் அதுவும் இல்லை.

இன்று கடலை பிரித்தேன்.
பூத்ததை முதல்முறையாகத்
தரையில் தள்ளிவிட்டேன்.
சட்டியில் பாதிதான் இருந்தது.
பார்த்துக்கொண்டே நின்றேன்,
குனிந்து ஒரு பிடி திரும்ப அள்ளினேன்,
மறுபடி போட்டேன்.

எதிர்வீட்டுக் கோழி ஓடி வந்தது.
துடைப்பத்தோடு அதைத் துரத்தினேன்
தெருமுனை வரை.